விமானத்துக்கு எங்கே விளக்கு வைப்பது?

விமானத்தில் விளக்கை எங்கே பொருத்துவது என்று காந்தி மார்க்கெட் பக்கம் போய் விசாரித்த ஆள், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். கேள்வி என்னுடையதல்ல, என் அக்கா மகனுடையது. அவன் பிரான்சில், ஓர்லேயான் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறான். காரைக்காலில் பிறந்து, அப்பாவின் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துப் பதினெட்டு வயதில் அங்கே போனவன். வாரத்தில் ஐந்து நாள் ஒரு கிடங்கில் வேலை. சனி ஞாயிறு வந்தால் வீட்டுக் கார் கொட்டகையில் விமானம் கட்டுகிறான்.

பொம்மை விமானம் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பறக்கிற நிஜ விமானம். மரச்சட்டம், ஒட்டுப்பலகை, துணி, பழைய வோக்ஸ்வாகன் கார் வழியில் வந்த ஒரு என்ஜின். ஏழு வருஷமாக வேலை நடக்கிறது. வாராவாரம் எனக்குப் போட்டோவும் வரைபடமும் வந்துவிடும். நான் பொதுப்பணித் துறையில் குமாஸ்தாவாக முப்பத்து நாலு வருஷம் காகிதம் பார்த்தவன். பிள்ளைப் பிராயத்தில் படித்ததெல்லாம் பிரெஞ்சில். ஆகவே அவன் அனுப்பும் தாள்களைப் படிக்க எனக்குச் சிரமமில்லை. என்ஜினீயர்கள் படத்தைப் பார்ப்பார்கள், குமாஸ்தா ஓரத்துக் குறிப்பைப் பார்ப்பான். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை.

2024 செப்டம்பரில் ஒரு படம் வந்தது. விமானத்தின் மேல் நாலு இடத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தான். கீழே, “மாமா, லைட்டுக்கு நாலு இடம் இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?” என்று எழுதியிருந்தான்.

வீட்டில் விமானம் கட்டுவதா என்று மூக்கில் விரல் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரான்சில் இது பழைய பைத்தியம். ஆன்றி மிஞ்ஞே என்று ஒருவர். 1933-ல் தானே ஒரு குட்டி விமானம் செய்து பறந்தார். மறு வருஷமே, யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளும்படி அதைப் புத்தகமாகப் போட்டுவிட்டார். விமானத்தின் பெயர் ‘பூ தியு சியெல்’. தமிழில் சொன்னால் ஆகாசப் பேன். ஊரெல்லாம் பேன் பிடித்தது. சில விபத்துகளும் நடந்தன. முன்னும் பின்னும் இருந்த இரண்டு இறக்கைகளின் அமைப்பில் இருந்த கோளாறு, காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. யுத்தத்துக்குப் பிறகு 1948-ல் ஜோலி, தெலெமோந்தேஸ் என்று மாமனாரும் மருமகனும் சேர்ந்து நிதானமான ஒரு மர விமானம் செய்தார்கள். இருவர் பெயரின் தலையையும் ஒட்டி ஜோடெல் என்று பெயர் வைத்தார்கள். என் மருமகப் பிள்ளை கட்டுவது அந்த வம்சத்தில் பின்னால் வந்த டி-18 என்கிற வகை.

நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1910-லேயே சென்னையில் டி ஏஞ்சலிஸ் என்கிற கோர்சிக்காக்காரர் விமானம் கட்டியிருக்கிறார். மவுண்ட் ரோடில் ஓட்டல் நடத்திய மனிதர். பிளேரியோ 1909-ல் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியைக் கேட்டு ஆசை வந்துவிட்டது. தானே வடிவம் போட்டு, சிம்ப்சன் கம்பெனியில் கொடுத்துச் செய்ய வைத்து, பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்து, பிறகு தீவுத்திடலில் ஜனங்களுக்குக் காட்டினார். குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்ப்சனில் ஆகாய விமானம்! நம் காலத்தில் என்றால் மும்பையின் அமோல் யாதவ். விமானி வேலை பார்த்துக்கொண்டே, காந்திவிலியில் தம் அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். 2016-ல் அதை மாடியிலிருந்து இறக்கி மும்பைக் கண்காட்சியில் நிறுத்தினார்கள். 2017-ல் அரசாங்கப் பதிவும் கிடைத்தது. நம் வீட்டு மாடியில் நாம் தண்ணீர்த் தொட்டி வைக்கவே நாலு பேரிடம் யோசனை கேட்கிறோம்.

சரி, விளக்குக்கு வருவோம்.

முதல் வட்டம் மூக்கில், என்ஜின் மூடிக்குக் கீழே. வேலை சுலபம். ஒயர் கொஞ்சம் போதும், இறக்கையில் கை வைக்க வேண்டாம். ஆனால் விளக்குக்கு முன்னால் விசிறி சுற்றுகிறது. ட்யூப்லைட்டுக்கு எதிரே டேபிள் ஃபேன் ஓடினால் கண் கூசுகிறதே, அதுபோல வெளிச்சம் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, விசிறி இலையின் முதுகில் பட்டு, ஓட்டுபவன் கண்ணுக்கே திரும்பி வரும். சிலர் இலையின் பின்பக்கத்தை மினுக்கமில்லாத கறுப்பாக அடித்துவிடுகிறார்கள். பழைய இழை பல்பாக இருந்தால் என்ஜின் அதிர்ச்சியில் சீக்கிரம் அறுந்தும் போகும்.

இரண்டாவது, சக்கரத்தைத் தாங்கும் காலில். இறக்கையை அறுக்க வேண்டாம். ஆனால் காற்றில் தனியாக நீட்டிக்கொண்டு வேகத்தைத் தின்னும். புல் தரையில் இறங்கும்போது கல்லும் சேறும் வாங்கும். மூன்றாவது, இறக்கை நுனி. வசதியான இடம், நல்ல பார்வை. ஆனால் விமானத்தை நிறுத்தும்போது எதிலாவது இடித்துக்கொள்கிற முதல் இடமும் அதுதான். நாலாவது, இறக்கையின் முன்விளிம்பு. விளிம்பை ஒரு சாண் அகலம் அறுத்து, உள்ளே விளக்கை உட்கார வைத்து, அதே வளைவில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கால் மூட வேண்டும். பார்க்க மிக லட்சணம். டக்கோட்டா விமானத்தில் அப்படித்தான் இருக்கும். ஆனால் முன்விளிம்பின் வளைவுதான் இறக்கைக்கு உயிர். விலா எலும்புபோல உள்ளே நிற்கிற குறுக்குச் சட்டங்கள் எதையும் தொடாமல் இரண்டு சட்டங்களுக்கு நடுவில் அறுக்க வேண்டும். ஒருமுறை அறுத்தால் அறுத்ததுதான்.

இதில் நான் என்ன யோசனை சொல்ல? எனக்குத் தெரிந்த வாகனம் சைக்கிள். ஆனால் விளக்கு என்றால் நான் குடியிருக்கும் இடம் சாமானியமானதல்ல.

வரகனேரியில் என் மனைவி வழி வீட்டில் இருக்கிறோம். காந்தி மார்க்கெட் கூப்பிடு தூரம். 1868-ல் தொடங்கி 1927-ல் பெரிதாக்கிய சந்தை. பகலில் பார்ப்பவர்கள் அதைச் சந்தை என்பார்கள். ராத்திரியில் பார்ப்பவர்களுக்கு அது லாரிகளின் ஊர். பத்து மணிக்கு மேல் வெங்காயமும் உருளைக்கிழங்கும் கோஸும் தக்காளியுமாக வந்துகொண்டே இருக்கும். எங்கள் மாடிச் சுவரில் விடியும் வரை வெளிச்சம் வருவதும் போவதுமாக இருக்கும். தூக்கம் வராத வயதில் அதைப் பார்த்தே லோடு லாரியா காலி லாரியா என்று சொல்லிவிடுவேன். காலி லாரியின் வெளிச்சம் சுவரின் அடியில் ஓடும். லோடு லாரியினுடையது எங்கள் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுப் போகும். காரணம் என்ன என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், அக்டோபர் 10, பால்பண்ணைப் பக்கம் எனக்குத் தெரிந்த லாரி எலக்ட்ரீஷியன் கடைக்குப் போனேன். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அறுபது வயதிருக்கும். பூஜைக்கு வண்டி பளிச்சென்று நிற்க வேண்டும் என்று அன்றைக்கு வரிசையாக லாரிகள். ஒன்றுக்கு ஹாரன், ஒன்றுக்குப் பின்விளக்கு. மறுநாள் அதே விளக்குகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அதற்கு மறுநாள் அதைத் துடைக்கத் திரும்ப வருவார்கள் என்று பாய் சிரித்தார்.

படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பாடி என்ன சார்? தகரமா, அலுமினியமா?”

“மரம் பாய்.”

“மரமா? அப்ப எர்த்து எங்க எடுப்பாரு?”

நான் முழித்தேன். அவர் விளக்கினார். லாரியில் விளக்குக்கு ஒரு ஒயர்தான் போகும். திரும்பி வர இரும்புச் சட்டமே ஒயர். மர வண்டியில் அது கிடையாது. போக ஒன்று, வர ஒன்று, இரண்டு ஒயர் இழுக்க வேண்டும். இறக்கைக்குள் மூன்று நாலு மீட்டர் போய்த் திரும்புவதென்றால் ஒயர் தடிமனும் பார்க்க வேண்டும், மெல்லிசாகப் போட்டால் வழியிலேயே கரண்ட் இளைத்து விளக்கு மங்கும். ஐம்பத்தைந்து வாட் பல்பு ஒன்று பன்னிரண்டு வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும், இரண்டு என்றால் ஒன்பது. சின்ன என்ஜினுக்கு அது சுமைதான். எல்.இ.டி. போட்டால் கால்வாசிகூட ஆகாது.

“ஆனா மட்டமான எல்.இ.டி. வேணாம்னு சொல்லுங்க சார். அதைப் போட்டா நம்ம வண்டியில எஃப்.எம். கரகரங்கும். பிளேன்ல ரேடியோவுலதானே பேசுவாங்க?”

இதை அன்று இரவே எழுதி அனுப்பினேன். மருமகப் பிள்ளை பதில் போட்டான்: விமான ரேடியோவின் அலைவரிசை எஃப்.எம்.முக்கு அடுத்த வீடுதான், 118-லிருந்து 137 மெகாஹெர்ட்ஸ் வரை. அவனுடைய விமானக் கிளப்பில் ஒருவர் சகாய விலைக்கு விளக்கு வாங்கிப் போட்டு, அதை எரிய விட்டால் ரேடியோவில் ஒன்றும் கேட்காமல் கழற்றினாராம்.

மூக்கில் வைக்கலாமா என்று பாயிடம் கேட்டேன். “பனி லைட்டை ஏன் சார் பம்பருக்குக் கீழே வைக்கிறோம்? கண்ணுக்குப் பக்கத்துல லைட்டு இருந்தா பனிதான் தெரியும், ரோடு தெரியாது. கண்ணை விட்டு எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு நல்லது” என்றார். வெளிச்சம் பனித்துளியில் பட்டு வந்த வழியே திரும்பும். அந்த வழியில் நம் கண் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். அப்படிப் பார்த்தால் மூக்கை விட இறக்கை மேல்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னை வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் யோசிக்க வைத்தது. “வண்டி நிக்கும்போது மூஞ்சி நேரா இருக்குமா, தூக்கிட்டு இருக்குமா?”

தூக்கிக்கொண்டுதான் இருக்கும். அவன் விமானத்துக்கு மூக்குச் சக்கரம் கிடையாது. முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒரு குட்டிச் சக்கரம். தரையில் நிற்கும்போது நாய் உட்கார்ந்தாற்போல மூக்கு வானத்தைப் பார்க்கும். பறக்கும்போது நேராகும்.

“அப்ப நம்ம லோடு வண்டி கதைதான்” என்றார் பாய். “வெங்காயம் ஏத்தினா பின்னாடி பட்டை அமுங்கும், முன்னாடி தூக்கும். லைட்டு மரத்து மேல அடிக்கும், எதிர்ல வர்றவன் கண்ணைக் குத்தும். காலி வண்டியில செட் பண்ணிட்டுப் போறவன் எல்லாம் இதைத்தான் பண்றான். லோடு ஏத்திக் கொண்டாந்து, செவுத்துக்கு எதிர நிறுத்தி, அப்புறம் செட் பண்ணணும்.”

எங்கள் ஜன்னல் கம்பியைத் தொட்டுப் போகிற வெளிச்சத்துக்குக் காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. விமானத்திலும் அதேதான். தரையில் நிற்கிறபடி வைத்துக்கொண்டு விளக்கைச் சரிசெய்தால், பறக்கும்போது வெளிச்சம் மூக்குக்கு அடியில் விழுந்து வீணாகும். ஆகவே வாலைத் தூக்கி முக்காலியில் வைத்து, பறக்கிற நிலையில் நிறுத்தி, எதிர்ச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு விளக்கைத் திருப்ப வேண்டும். ஆனால் இறங்குகிற கடைசி நொடியில் மூக்கு மறுபடி தூக்குமே? தரை தெரிய வேண்டிய நேரம் அதுதானே? அதற்கு இரண்டாவது விளக்கு, நன்றாகக் கீழே பார்த்தபடி. ஒரே விளக்கால் இரண்டும் ஆகாது.

பாய் காசு வாங்கவில்லை. “பிளேனுக்கு யோசனை சொன்னேன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கலாம்ல, அது போதும்” என்றார்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. சாயங்காலம் பொரி கடலையோடு உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்தச் செய்தி. திருச்சி நண்பர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஐந்தே முக்கால் வாக்கில் சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. நூற்று நாற்பது பேருக்கு மேல் உள்ளே. எரிபொருளைக் குறைப்பதற்காகப் புதுக்கோட்டைப் பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவே மாடியில் ஏறித் தெற்கே பார்த்து நின்றது. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது என்று கை காட்டினான். கண்புரை எடுத்த என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு மாடியிலும் ஒரே பேச்சு: “லைட்டு தெரியுதா? லைட்டு தெரியுதா?” யாருக்கும் அந்த வெளிச்சத்தில் எதையும் பார்க்க வேண்டியதில்லை. வெளிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், விமானம் இருக்கிறது. எட்டேகால் மணிக்குப் பத்திரமாக இறங்கியதை டிவியில் காட்டியபோது, பூஜை அறையில் மனைவி இரண்டாம் முறை கற்பூரம் ஏற்றினாள்.

அன்று ராத்திரி எனக்கு ஒரு பிரெஞ்சுச் சொல் ஞாபகம் வந்தது. ‘ஃபார்’. காரைக்காலில் எங்கள் வாத்தியார் கடற்கரைக் கலங்கரை விளக்கத்தைக் காட்டி ஃபார் என்பார். தெருவில் போகும் காரின் முன்விளக்கைக் காட்டியும் ஃபார் என்பார். அலெக்சாந்திரியாவில் பழைய கலங்கரை விளக்கம் நின்ற ஃபாரோஸ் தீவிலிருந்து வந்த சொல். ஏன் ஸார் இரண்டுக்கும் ஒரே பெயர் என்று கேட்டால் காது திருகுவார். பிள்ளைகளுக்குத் தோன்றிய குழப்பம் நியாயமானதுதான். கலங்கரை விளக்கம் எதையும் பார்ப்பதில்லை. கப்பல்காரன் அதைப் பார்க்க வேண்டும், அதற்காக நிற்கிறது. கார் விளக்கு, ஓட்டுகிறவன் பார்ப்பதற்காக. தமிழில் நாம் வேறு வேறு பெயர் வைத்துவிட்டோம்.

விமானத்தில் அந்த இரண்டு வேலையும் ஒரே விளக்கின் தலையில் விழுகிறது. இறங்கும் விளக்கு என்று பெயரே தவிர, சின்ன விமானக்காரர்களில் பலர் அதைப் பட்டப்பகலில்தான் அதிகம் எரிக்கிறார்கள். ஒரே கிளப்பைச் சுற்றிப் பத்து விமானம் பறக்கும்போது எதிரே வருகிறவன் நம்மைப் பார்க்க வேண்டுமே, அதற்காக. அதற்கென்றே இடது வலது விளக்குகளை மாற்றி மாற்றிக் கண் சிமிட்ட வைக்கிறார்கள். நிலையாக எரிவதைவிடச் சிமிட்டுவதைக் கண் சீக்கிரம் பிடிக்கும். அந்த வேலைக்கென்றால் விளக்கு நேரே எதிரே பார்க்க வேண்டும். தரையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

எங்கே வைப்பது என்பதற்கு முன்னால் எதற்கு வைக்கிறாய் என்பதைத் தீர்த்துக்கொள், என்று அவனுக்கு எழுதினேன். ஒரு வாரத்தில் புது வரைபடம் வந்தது. முன்விளிம்பு என்று முடிவு செய்துவிட்டான். இரண்டு இறக்கையிலும் ஒவ்வொன்று. வழக்கம்போல நான் ஓரத்துக் குறிப்பைப் படித்தேன். பொடி எழுத்தில் இருந்தது. இடது விளக்கு, நேர். வலது விளக்கு, கீழ்நோக்கி 9 பாகை.

நேராகப் பார்க்கிற விளக்கு மற்றவர்களுக்காக. ஒன்பது பாகை கீழே பார்க்கிற விளக்கு தரைக்காக. பகலில் தரையைப் பார்க்க யாரும் விளக்கு வைப்பதில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அக்கா போன் செய்தாள். எண்பத்திரண்டு வயது, இன்னும் காரைக்காலில் தனியாக இருக்கிறாள். அவனும் நானும் விளக்கைப் பற்றி எழுதிக்கொள்வது அவள் காதுக்குப் போயிருந்தது.

“ஏண்டா தம்பி, லைட்டு வைக்கிறான்னா ராத்திரியில பறக்கப் போறான்னுதானே அர்த்தம்?”

அக்காவுக்கு ராத்திரியும் விளக்கும் வேறு கணக்கு. அத்தான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷனோடு வந்தவர். 1979-ல் ஒரு நாள் நாகூர் ரோட்டில் சைக்கிளில் திரும்பி வந்துகொண்டிருந்தார். டைனமோ விளக்கு பழுது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். பின்னால் வந்த லாரிக்காரன் ஆள் இருப்பதே தெரியவில்லை என்றுதான் போலீசில் சொன்னான். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. பையனுக்கு அப்போது பத்து வயது. அவன் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் நாலு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு ஒரு மாதம் யோசிக்கிற விஷயமா இது என்று அவன் பெண்டாட்டி சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபீசில் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் கோப்பை ‘தகவலுக்காக’ என்று எழுதி மேலே அனுப்பிவிடலாம். அக்காவிடம் அது நடக்காது. கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

“அந்த ஒன்பது பாகை எதுக்கு?” என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “பார்த்துட்டீங்களா மாமா” என்றான். பிறகு சொன்னான். ராத்திரியில் பறக்கிற எண்ணம் இல்லை. ஆனால் அங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். சட்டப்படி மறைந்து அரை மணி வரை பகல் கணக்கு. எதிர்காற்று அடித்தால் கால் மணி தாமதம் சாதாரணம். அந்தக் கால் மணியில் புல் தரை சாம்பல் நிறமாகிவிடும், உயரம் தெரியாது. “ராத்திரிக்கு இல்ல மாமா. லேட் ஆனா.”

பள்ளியில் எங்களுக்கு வாசித்துக் காட்டிய ‘வோல் த நுய்’ நாவல் ஞாபகத்துக்கு வந்தது. சேந்த்-எக்சுபெரி 1931-ல் எழுதியது, இரவுத் தபால் விமானங்களின் கதை. புயலில் மாட்டிக்கொண்ட விமானி, கீழே தரை இருக்கிறதா என்று பார்க்கத் தன்னிடமுள்ள ஒரே மத்தாப்பைப் பற்றவைத்து இறக்குவான். கீழே தெரிவது கடல். அந்தக் காலத்தில் விளக்கு என்றால் அதுதான், ஒரு தரம் எரிந்து அணையும் மத்தாப்பு. நம் நாட்டிலும் 1949 ஜனவரியில் இரவுத் தபால் விமானம் தொடங்கினார்கள். சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி நாலு ஊர் விமானமும் நடு ராத்திரியில் நாகபுரியில் கூடித் தபால் பையை மாற்றிக்கொண்டு திரும்பும். அதற்குள் டக்கோட்டா வந்துவிட்டது, முன்விளிம்பில் இரண்டு விளக்கோடு. நம் வயதுக்காரர்கள் மறுநாளே கடுதாசி கிடைத்தது என்று பெருமைப்பட்டது அந்த இரண்டு விளக்கின் புண்ணியம்.

அக்காவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ராத்திரியில் பறக்க மாட்டானாம், ஆனால் சில நாள் நேரமாகிவிடுமாம், விளக்கு அதற்காகத்தானாம் என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“எத்தனை லைட்டு?” என்றாள்.

“ரெண்டு அக்கா.”

“ஒண்ணு அவிஞ்சுபோனா மத்தது எரியுமா?”

எனக்குத் தெரியவில்லை. பாய்கூடக் கேட்காத கேள்வி அது. அவனைக் கேட்டேன். இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ், ஒரே சுவிட்ச் என்றுதான் போட்டு வைத்திருந்தான், எடை குறையட்டும் என்று. ஒரு பக்கம் ஒயர் உரசி ஃபியூஸ் போனால் இரண்டும் சேர்ந்து அணையும். “அம்மாவா கேட்டாங்க?” என்றான் இரண்டு தடவை.

போன வாரம் படம் வந்தது. இறக்கையில் துவாரம் அறுத்தாயிற்று, பசை காய்கிறது. சுவிட்ச் பலகையில் இரண்டு சுவிட்ச், இரண்டு ஃபியூஸ், கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று என்று தனித்தனி ஒயர். எடை நூற்றிருபது கிராம் கூடிவிட்டதாம். ஓரத்துக் குறிப்பில் அதையும் எழுதியிருக்கிறான்.